வாலைப் பார்த்து ரகம் சொல்: பி-52 விமானத்தின் கதை

வகுப்பு நண்பர்களுக்கு நினைவிருக்கும். போன செமஸ்டரில் பனிப்போர் பற்றி நான் ஒரு செமினார் கொடுத்தேன். அதில் ஒரு ஸ்லைடு. எட்டு எஞ்சின் வைத்த பெரிய விமானம் ஒன்று குண்டுகளைக் கொட்டிக்கொண்டே போகும் படம். கீழே கொட்டை எழுத்தில் "ஆப்கானிஸ்தானில் பி-52, 2001" என்று போட்டிருந்தேன். கைதட்டல் கிடைத்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். நண்பன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதே ஸ்லைடுகளை அவனுடைய அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் விமானப்படையில் கான்பெரா குண்டுவீச்சு விமானங்களைப் பராமரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, இதோட வால் இவ்வளவு உசரமா இருக்கே. இது எப்படிப்பா 2001-ல பறந்திருக்கும்?"

"எல்லாம் ஒரே பி-52 தானே அங்கிள்?" என்றேன்.

"ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னா ஒரே சட்டை எல்லாருக்கும் சேருமா?" என்று சிரித்தார். "பேருக்குப் பின்னாடி ஒரு எழுத்து இருக்குமே, அதைப் படிக்காம நாங்க ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டோம்."

அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன, போர்கள் இருக்கின்றன, இரண்டு வல்லரசுகளின் ஒப்பந்தங்களும் இருக்கின்றன. நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

எட்டு எழுத்து, ஒரு குடும்பம்

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்க விமானப்படைக்கு ஒரு தேவை வந்தது. அணுகுண்டைச் சுமந்துகொண்டு சோவியத் ஒன்றியம் வரை போய்த் திரும்பக்கூடிய ஜெட் விமானம் வேண்டும். போயிங் நிறுவனம் உருவாக்கிய பி-52 ஸ்ட்ராட்டோஃபோர்ட்ரெஸ் 1952 ஏப்ரல் 15 அன்று முதன்முதலாகப் பறந்தது. கடைசி விமானம் 1962 அக்டோபரில் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தப் பத்தாண்டுகளில் மொத்தம் 744 விமானங்கள் கட்டினார்கள்.

744-ம் ஒன்றுபோல இல்லை. முதலில் இரண்டு மாதிரி விமானங்கள். பிறகு ஏ ரகத்தில் 3, பி-யில் 50, சி-யில் 35, டி-யில் 170, இ-யில் 100, எஃப்-பில் 89, ஜி-யில் 193, எச்-சில் 102. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதி வெளிவரும்போதும் முந்தைய தொகுதியில் கண்ட குறையைத் திருத்தினார்கள், புதிய கருவியைச் சேர்த்தார்கள். அந்த மாற்றம் போதுமான அளவு பெரிதானால் அடுத்த எழுத்து. விஷயம் அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இனிமேல் என்னைப்போல் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, நான் கற்றுக்கொண்ட வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் விமானி அறை. இரண்டு விமானிகளும் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் நீளமான கண்ணாடிக் கூண்டு இருந்தால் அது முதல் இரண்டு மாதிரி விமானங்களில் ஒன்று. விமானிகள் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று ஜெனரல் கர்டிஸ் லெமே பிடிவாதமாக நின்றதால் ஏ ரகத்திலிருந்து அது மாறிவிட்டது.

இரண்டாவது வால். நான் கோட்டை விட்டது இங்கேதான். ஏ முதல் எஃப் வரை நிமிர்ந்து நிற்கும் உயரமான வால். தரையிலிருந்து அதன் நுனி சுமார் 48 அடி. ஜி, எச் இரண்டிலும் அதை வெட்டிக் குறைத்து, சுமார் 40 அடி 8 அங்குலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நெட்டை வால் என்றால் எஃப் அல்லது அதற்கு முந்தையது, குட்டை வால் என்றால் ஜி அல்லது எச். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது எஞ்சின். ஜி வரைக்கும் எல்லாவற்றிலும் ஜே57 ரக டர்போஜெட். புறப்படும்போது கூடுதல் வலு கிடைக்க எஞ்சினுக்குள் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அதனால் ஓடுபாதையே கரும்புகையில் மூழ்கிவிடும். எச் ரகத்தில் மட்டும் டிஎஃப்33 டர்போஃபேன். இந்த எஞ்சினின் முன்பாதி பருத்து இருக்கும், பின்பாதி சட்டென்று ஒடுங்கும். குட்டை வாலும் பருத்த எஞ்சினும் சேர்ந்து இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எச் என்று சொல்லலாம்.

நான்காவது வால் துப்பாக்கி. நெட்டை வால் விமானங்களில் துப்பாக்கி வீரர் மற்றவர்களை விட்டுப் பிரிந்து வால் நுனியில் தனியாக உட்கார்ந்திருப்பார். அவர் மட்டும்தான் அங்கே. ஜி ரகத்தில் அவரை முன்பக்கம் கொண்டுவந்து மற்றவர்களோடு உட்கார வைத்து, துப்பாக்கியைத் தொலைவிலிருந்தே இயக்க வைத்தார்கள். ஜி-யில் வாலில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் தெரியும். எச்-சில் சுழலும் குழல்கள் கொண்ட ஒரே ஒரு 20 மி.மீ. பீரங்கி. 1991-இல் அந்தப் பணியிடத்தையே நீக்கிவிட்டார்கள், துப்பாக்கிகளையும் கழற்றிவிட்டார்கள். அதனால் வாலில் பீரங்கி இருக்கும் எச் படம் கிடைத்தால் அது பழைய படம்.

ஐந்தாவது இறக்கை நுனிக்கு அருகில் தொங்கும் எரிபொருள் தொட்டி. சி முதல் எஃப் வரை ஒவ்வொன்றும் 3,000 கேலன் பிடிக்கும் பெரிய தொட்டிகள். ஜி, எச் இரண்டிலும் 700 கேலன் மட்டும் பிடிக்கும் சின்னத் தொட்டிகள். ஜி-யிலிருந்து இறக்கையின் உட்புறத்தையே தொட்டியாக்கிவிட்டதால் வெளியே பெரிய தொட்டி தேவைப்படவில்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் சில ரகங்கள் பிடிபடாது. டி, இ இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் உள்ளே இருக்கும் குண்டுவீச்சு, வழிகாட்டுக் கருவிகளில்தான். வெளியே நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அப்போது வாலில் எழுதியிருக்கும் வரிசை எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எண்ணின் முதல் இரண்டு இலக்கம், விமானத்துக்குப் பணம் ஒதுக்கிய நிதியாண்டு. 60, 61 என்று தொடங்கினால் எச். 58, 59 என்றால் பெரும்பாலும் ஜி-தான் நினைவுக்கு வரும். 57-இல்தான் சிக்கல். அந்த ஒரே ஆண்டுக் கணக்கில் இ, எஃப், ஜி மூன்றும் உண்டு. அங்கே முழு எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

படம் பார்ப்பவனுக்கு இது விளையாட்டு. ஆனால் ஸ்பேனரைக் கையில் வைத்திருப்பவருக்கு?

வால் இல்லாமல் வந்த விமானம்

பி-52-ஐ வடிவமைத்தபோது அது மிக உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில் பறக்கும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் சோவியத் ஏவுகணைகள் அந்த உயரத்தை எட்ட ஆரம்பித்தன. 1960 மே 1 அன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் சோவியத் நாட்டுக்குள் சுட்டு வீழ்த்தப்பட்டதும் சந்தேகமே இல்லாமல் போனது. ரேடாரில் சிக்காமல் இருக்கத் தரையை ஒட்டிப் பறக்க வேண்டிய கட்டாயம் வந்தது. தாழ்வான இடத்தில் காற்று முரட்டுத்தனமானது. அது விமானத்தை உலுக்கி எடுக்கும். உயரத்தில் பறக்கக் கட்டிய உடம்பை இப்படி உலுக்கினால் உலோகம் சீக்கிரம் களைத்துப் போகும், விரிசல் விடும்.

1963 ஜனவரி 24 அன்று மெய்ன் மாநிலத்தில் தாழப் பறந்த சி ரக விமானம் ஒன்றின் வால் காற்றுச் சுழலில் முறிந்தது. விமானத்தில் இருந்த 9 பேரில் 7 பேர் இறந்தார்கள். ஏன் முறிகிறது என்று கண்டுபிடிக்க, உடம்பு முழுக்க அளவுக் கருவிகள் பொருத்திய எச் ரக விமானம் ஒன்றை 1964 ஜனவரி 10 அன்று அனுப்பினார்கள். அதன் எண் 61-0023. போயிங் நிறுவனத்தின் சோதனை விமானி சக் ஃபிஷர் ஓட்டினார். மலைப்பகுதிக்கு மேலே காற்று தாக்கியதில் செங்குத்து வால் ஏறக்குறைய முழுவதுமாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. குழுவினர் குதிக்கவில்லை. தரையிலிருந்த பொறியாளர்களோடு பேசிக்கொண்டே மணிக்கணக்கில் பறந்து, ஆர்கன்சா மாநிலத்தில் பத்திரமாக இறக்கினார்கள். வால் இல்லாமல் நிற்கும் அந்த விமானத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள், நம்பவே முடியாது.

மூன்றே நாள் கழித்து, ஜனவரி 13 அன்று, மேரிலாந்தில் டி ரக விமானம் ஒன்று அதேபோல் வாலை இழந்து பனி மூடிய மலையில் விழுந்தது. உள்ளே இரண்டு அணுகுண்டுகள் இருந்தன. குண்டுகள் வெடிக்கவில்லை. ஆனால் 5 பேரில் 3 பேர் இறந்தார்கள்.

நெட்டை வால், குட்டை வால் இரண்டுமே முறிந்ததைக் கவனியுங்கள். அப்படியென்றால் உயரம் மட்டும் காரணம் இல்லை. அதன் பிறகு வால் பகுதியை வலுப்படுத்தும் வேலை நடந்தது. ஜி, எச் ரகங்களின் இறக்கைக்கு வேறு சிகிச்சை. எடையைக் குறைக்க அந்த இறக்கையை மாற்றி வடிவமைத்திருந்தார்கள். அதனால் உலோகக் களைப்பு எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது. 1960-களின் முதல் பாதியில் அந்த விமானங்களின் இறக்கைப் பெட்டிச் சட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது. இப்போது சொல்லுங்கள், எந்த எழுத்து என்று பார்க்காமல் ஒரு மெக்கானிக் எந்த வரைபடத்தை விரிப்பார்?

தம்பிகளைவிட அதிகம் வாழ்ந்த அண்ணன்

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. டி ரகம் 1950-களின் நடுவில் வந்தது. அதற்குப் பின் பிறந்தவை இ, எஃப். இயல்பாக டி-தான் முதலில் ஓய்வு பெற வேண்டும் இல்லையா? நடந்தது தலைகீழ். இ ரகம் 1970-ஓடு போய்விட்டது. எஃப் ரகம் 1978-இல் போனது. டி ரகம் 1983 வரை பறந்தது.

காரணம் பராமரிப்பு. வியட்நாம் போருக்காக 1965 டிசம்பரில் தொடங்கி டி ரக விமானங்களின் வயிற்றை மாற்றி அமைத்தார்கள். முன்பு 500 பவுண்டு குண்டுகள் 27 மட்டுமே உள்ளே கொள்ளும். மாற்றத்துக்குப் பிறகு 84 கொண்டன. இறக்கைக்கு அடியில் இன்னும் 24. இந்த ரகத்துக்கு மாற்று இல்லை என்றானதும், 1970-களில் 80 டி ரக விமானங்களைத் தேர்ந்தெடுத்து இறக்கையின் உலோகத் தோலையே உரித்துப் புதிதாகப் போர்த்தினார்கள். பணம் செலவழித்துப் பார்த்துக்கொண்டது வாழ்ந்தது, பார்க்காதது பழைய இரும்பானது. விமானத்தின் வயதைத் தயாரித்த தேதி மட்டும் தீர்மானிப்பதில்லை.

ஆனால் அந்த விமானங்கள் எதற்காக வாழ்ந்தன என்பதையும் சொல்லாமல் போனால் அது நேர்மையாக இருக்காது.

1972 டிசம்பர், ஹனோய்

1972 டிசம்பர் 18 முதல் 29 வரை, கிறிஸ்துமஸ் அன்று மட்டும் நிறுத்திவிட்டு, அமெரிக்கா வட வியட்நாமின் ஹனோய், ஹைஃபோங் நகரங்கள் மீது பி-52-களை அனுப்பியது. டி, ஜி இரண்டு ரகங்களும் போயின. எதிரியின் ரேடாரைக் குழப்பும் கருவிகள் டி ரகத்தில் புதுப்பிக்கப்பட்டிருந்தன. ஜி ரகத்தில் பல விமானங்களுக்கு அந்த வேலை செய்யப்படவில்லை. வெளியே பார்த்தால் ஜி-தான் புதியது. உள்ளே பார்த்தால் பல ஜி-க்கள் பின்தங்கியவை.

டிசம்பர் 20 இரவில் வட வியட்நாமின் ஏவுகணைகள் 6 பி-52-களை வீழ்த்தின. அதில் 4 ஜி, 2 டி. அதற்குப் பிறகு ஜி ரகத்தை ஹனோய் பக்கம் அனுப்புவதை நிறுத்தினார்கள். ஒரே எழுத்துக்குள்ளேயே புதுப்பித்தது எது, புதுப்பிக்காதது எது என்று பார்க்க வேண்டும் என்ற பாடத்தை உயிர் கொடுத்துக் கற்றார்கள். அந்தப் பதினோரு இரவுகளில் அமெரிக்கக் கணக்குப்படி மொத்தம் 15 பி-52-கள் விழுந்தன.

கீழே இருந்தவர்கள் நிலை என்ன? பாக் மாய் மருத்துவமனை மீதும், காம் தியென் தெருவில் இருந்த வீடுகள் மீதும் குண்டுகள் விழுந்தன. மருத்துவமனை ஊழியர்களும் குழந்தைகளும் இறந்தார்கள். என் ஸ்லைடில் இருந்த அந்தப் படம் அந்தப் போரில் எடுத்தது. தப்பான ஆண்டைப் போட்டதில் நான் ஒரு நாட்டின் துயரத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. மதிப்பெண் வாங்கியது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

வானத்திலிருந்து எண்ணியவர்கள்

ரகத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை எதிரிக்கும் இருந்தது. 1979 ஜூன் 18 அன்று வியன்னாவில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சால்ட்-2 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அணு ஆயுதம் சுமக்கும் விமானங்களுக்கு எண்ணிக்கை வரம்பு. நெடுந்தூரக் குரூஸ் ஏவுகணை சுமப்பவற்றுக்குத் தனிக் கணக்கு. ஆனால் மாஸ்கோவில் இருப்பவருக்கு எந்த ஜி விமானம் ஏவுகணை சுமக்கிறது, எது சுமக்கவில்லை என்று எப்படித் தெரியும்?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏவுகணை சுமக்கும் ஜி ரக விமானங்களில் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வளைவான ஒரு மூடியைப் பொருத்தினார்கள். செயற்கைக்கோள் படத்தில் அந்த வளைவு தெரியும். வளைவு இருந்தால் ஏவுகணை, இல்லையென்றால் இல்லை. எதிரி தன்னைச் சரியாக அடையாளம் காண வேண்டும் என்பதற்காகவே விமானத்தின் உருவத்தை மாற்றியிருக்கிறார்கள்! அமெரிக்க செனட் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவே இல்லை. ஆனாலும் 1986 நவம்பரில் 131-ஆவது ஏவுகணை பி-52 வரும் வரை அமெரிக்கா வரம்பை மீறவில்லை.

இதில் நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. சோவியத் தரப்பில் டியூ-95 என்ற குண்டுவீச்சு விமானம் இருந்தது. அதையே நீட்டி, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் விமானமாக மாற்றியதுதான் டியூ-142. பார்த்தால் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு, டியூ-142 குண்டுவீச்சு விமானக் கணக்கில் சேராது என்று சால்ட்-2 ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்க வேண்டியிருந்தது. இந்தியக் கடற்படை 1988-இல் அந்த டியூ-142 விமானங்களில் எட்டை வாங்கியது. 1992 முதல் அவை அரக்கோணத்தில் உள்ள ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் இருந்தன. 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றன. அரக்கோணம் பக்கத்து நண்பர்கள் அந்த நான்கு எஞ்சின் இரைச்சலைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், போனால் பாருங்கள்.

1991-இல் கையெழுத்தான ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் பின்னணியில் அரிசோனா பாலைவனத்தில் 365 பி-52-களை அழித்தார்கள். சுமார் ஆறு டன் எடையுள்ள இரும்புக் கத்தியைக் கிரேனில் தூக்கி, விமானத்தின் மேல் விழவிட்டு, ஐந்து துண்டாக வெட்டினார்கள். துண்டுகளை 90 நாள் வெயிலில் அப்படியே போட்டு வைத்தார்கள். எதிர்த்தரப்புச் செயற்கைக்கோள் எண்ணிப் பார்க்க வேண்டுமே! 1994-இல் ஜி ரகமும் பணியிலிருந்து போய்விட்டது. மிஞ்சியது எச் மட்டும். ஆகவே 2001-இல் ஆப்கானிஸ்தானுக்குப் போனது எச்-தான், குட்டை வால். நண்பனின் அப்பா சொன்னது இதைத்தான்.

இன்றைக்கும் வேலை முடியவில்லை

1962-க்குப் பிறகு ஒரு பி-52-கூடப் புதிதாகக் கட்டப்படவில்லை. ஒன்று போனால் பாலைவனக் கிடங்கிலிருந்துதான் இன்னொன்றை எழுப்ப வேண்டும். 2008-இல் கிடங்குக்குப் போன 61-0007 என்ற விமானத்தை மெக்கானிக்குகள் செப்பனிட்டு 2015 பிப்ரவரியில் மறுபடி பறக்க வைத்தார்கள். அதற்கு 'கோஸ்ட் ரைடர்' என்று பெயர். 2019-இல் 60-0034 எண் விமானத்தையும் அதேபோல் எழுப்பினார்கள். மற்ற விமானங்களும் ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஓக்லஹோமாவில் உள்ள டிங்கர் தளத்துக்குப் போகின்றன. அங்கே பிரித்து, விரிசல் தேடி, துருவைச் சுரண்டி, மறுபடி சேர்க்கிறார்கள்.

2021 செப்டம்பரில் 76 விமானங்களுக்கும் ரோல்ஸ்-ராய்ஸ் எஃப்130 எஞ்சின் பொருத்த முடிவானது. விமானத்துக்கு எட்டு என்றால் 608 எஞ்சின்கள். புது எஞ்சினோடு வருபவற்றுக்கு புது எழுத்தும் கிடைக்கும். அது பி-52ஜே. 2050-கள் வரை பறக்க வைப்பது திட்டம். அப்படி நடந்தால் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை மெக்கானிக்குகள் ஒரே விமானத்தில் எண்ணெய்க் கறை பட்டிருப்பார்கள்.

என் செமினாருக்கு வருகிறேன். அந்த ஸ்லைடைத் திருத்திவிட்டேன். இப்போது அதில் "பி-52டி, வியட்நாம் போர்" என்று இருக்கிறது. பக்கத்திலேயே குட்டை வால் எச் படம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். நண்பனின் அப்பாவிடம் மறுபடி காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்ப சரி. யாரு எதை ஓட்டினாங்க, யாரு மேல விழுந்துச்சுன்னு இனிமே குழப்பம் வராது" என்றார்.

இந்தக் கட்டுரையில் வேறு எங்காவது நான் வாலைத் தப்பாகப் பார்த்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். மறுபடி சந்திப்போம்.